தண்ணீர்க் கணக்கு

கடலில் 1.9 கிலோமீட்டர் நீச்சல், 90 கிலோமீட்டர் சைக்கிள், அதன்பின் 21.1 கிலோமீட்டர் ஓட்டம். மூன்றையும் அடுத்தடுத்து எட்டரை மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். மொத்தம் 113 கிலோமீட்டர், மைல் கணக்கில் 70.3. அதனால் இந்தப் பந்தயத்துக்கு அயர்ன்மேன் 70.3 என்று பெயர். நாங்கள் பேச்சில் ஹாஃப் அயர்ன்மேன் என்போம். கோவாவில், பணஜியை ஒட்டிய மிராமார் கடற்கரையில் 2019இல் இது முதன்முறையாக நடந்தது. எந்தப் பயிற்சி அட்டவணையை எடுத்தாலும் நான்கைந்து மாதம், வாரத்துக்கு எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் என்றுதான் போட்டிருக்கும். அதில் பாதி நேரம்கூடக் கிடைக்காத ஒரு வருடத்தில் நான் அங்கே போய் நின்றேன். முடிக்க முடியுமா என்ற கேள்விக்குப் பந்தயமே பதில் சொல்லிவிடும். அப்படி நிற்பது சரியா என்ற கேள்விக்கு நாமேதான் பதில் தேட வேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டில் அரைகுறைக்கு இடமில்லை. பாடத்தை இரண்டு முறை புரட்டாமல் பரீட்சைக்குப் போகக் கூடாது, எஸ்டிமேட் போடாமல் ஒரு செங்கல்லைக்கூட நகர்த்தக் கூடாது. பொதுப்பணித் துறையில் பொறியாளராக இருந்த அப்பா எங்களை அப்படித்தான் வளர்த்தார். இன்றைக்கும் அது தப்பென்று நான் நினைக்கவில்லை. ஆனால் ஒரு மனிதருக்கு வாழ்க்கையில் முழுத் தயாரிப்போடு செய்யக் கிடைக்கிற காரியங்கள் எத்தனை? குழந்தை பெற்றுக்கொள்வதற்கு யார் தயாராக இருந்தார்கள்? வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்ள யார் எங்கே பயிற்சி எடுத்தார்கள்?

அப்பாவின் சிறுநீரகங்கள் பந்தயத்துக்கு முந்தைய வருடக் கோடையில் செயலிழந்தன. பல வருடச் சர்க்கரை, ரத்த அழுத்தம். செவ்வாய், வியாழன், சனி என்று வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், காலை முதல் ஷிஃப்ட், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். டயாலிசிஸுக்காகக் கையில் ரத்தக்குழாய்களை இணைத்துவைத்த ஃபிஸ்டுலாவில் ஊசி ஏற்றுவதற்கு முன் எடை பார்க்க வேண்டும், ஊசியை எடுத்ததும் பஞ்சை வைத்து ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும், பிரஷர் இறங்கினால் காலை உயர்த்திப் படுக்கவைக்க வேண்டும். வீடு வந்து சேர்ந்தால் துவைத்துப் பிழிந்த துணிபோல் சுருண்டு படுத்துவிடுவார். அம்மாவுக்கு மூட்டுவலி, தம்பி கோயம்புத்தூரில். சென்னையில் வேலைக்குப் போகிறவர்களுக்குப் பயிற்சி என்றால் பெரும்பாலும் வெயில் ஏறுவதற்கு முந்தைய அந்த இரண்டு மணி நேரம்தான். வாரத்தில் மூன்று நாள் அது ஆஸ்பத்திரிக்குப் போனது. மற்ற நாள்களில் பெரும்பாலும் தூக்கத்துக்கும், ஆபீசில் தேங்கிய வேலைக்கும் போனது.

ஆரம்பத்தில் நானும் எல்லோரையும்போல ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தேன். இது ஒரு வழியாக முடியட்டும், பிறகு பார்க்கலாம். நம் வீடுகளில் இதைச் சொல்லாதவர் யார்? பிள்ளை பன்னிரண்டாம் வகுப்பை முடிக்கட்டும், வீட்டுக் கடன் முடியட்டும், மாமியாருக்குக் கண் ஆபரேஷன் முடியட்டும். அவையெல்லாம் ஒருநாள் முடிகிற காரியங்கள். அப்பாவின் வயதையும் இதயத்தையும் பார்த்துவிட்டு மாற்றுச் சிறுநீரகம் வேண்டாமென்று மருத்துவர் சொல்லியிருந்தார். ஆகவே டயாலிசிஸ் எதுவரை என்று கேட்டால், அவர் இருக்கும்வரை. ஒரு இரவு பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்தச் சொற்கள் வழக்கம்போல வாயில் வந்தன. எதற்காகக் காத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. குழாயை நிறுத்திவிட்டு அப்படியே நின்றேன்.

என் ஆசைகளையெல்லாம் அப்பாவின் ஆயுளுக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வைத்துவிட்டால், அவர் உயிரோடிருக்கும் ஒவ்வொரு நாளும் எனக்கு ஒரு தடையாகத் தெரியத் தொடங்கும். மேலுக்குப் பணிவிடை செய்துகொண்டே உள்ளுக்குள் நாளை எண்ணுவேன். நோயாளியைப் பார்த்துக்கொள்கிற வீடுகளில் சத்தமில்லாமல் நடக்கிற கொடுமை இதுதான் என்று நினைக்கிறேன். தியாகம் என்ற பெயரில் நடப்பதால் யாரும் இதைத் தட்டிக் கேட்பதில்லை. தன் வாழ்வை முழுவதும் ஒத்திவைத்தவர், எதன் பொருட்டு ஒத்திவைத்தாரோ அதன்மேலேயே கசப்பு கொள்கிறார். எனக்கு அப்பாவோடு கசக்க விருப்பமில்லை. பந்தயத்துக்குப் பதிவு செய்ததற்கு இதுதான் முதல் காரணம்.

அப்பாவிடம் சொன்னேன், பயிற்சி போதாது என்பதையும் சேர்த்து. அவர் காவிரி டெல்டாவில் வேலை பார்த்தவர். மேட்டூர் அணையை ஜூன் 12ஆம் தேதி திறப்பது வழக்கம். நீர் போதாத வருடங்களில் திறப்பு தள்ளிப்போகும், திறந்தாலும் எல்லா ஆறுகளுக்கும் ஒரே நேரத்தில் விட முடியாது. இந்த ஆற்றுக்குச் சில நாள், அந்த ஆற்றுக்குச் சில நாள் என்று முறை வைப்பார்கள்.

"டேம் ரொம்பலைன்னு டெல்டாவையே விட்டுட முடியுமாம்மா? முறை வெச்சு விடுவோம். எது காஞ்சாலும் பரவாயில்ல, எது காயவே கூடாதுன்னு மொதல்ல தெரிஞ்சுக்கணும்" என்றார்.

என் பயிற்சியை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை. காயவே கூடாதது நீச்சல். சைக்கிளில் களைத்தால் ஓரமாக நிறுத்தலாம், ஓட்டத்தில் நடக்கலாம், கடலில் நிற்பதற்குத் தரை இல்லை. அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை டிரையத்லான் எனப்படும் இத்தகைய பந்தயங்களில் நேர்ந்த மரணங்களையும் இதயம் நின்று காப்பாற்றப்பட்ட சம்பவங்களையும் மருத்துவர்கள் திரட்டிப் பார்த்தார்கள். மொத்தம் 135. அவற்றில் 90 நீச்சலின்போது நடந்தவை. மூன்றில் மிகக் குறுகிய நேரம் எடுக்கிற பகுதியில்தான் மூன்றில் இரண்டு பங்கு ஆபத்து. பயிற்சி இல்லாமலே களத்தில் குதித்து ஜெயித்த கதைகளைச் சிலிர்ப்போடு பகிர்ந்துகொள்கிறவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்க்க வேண்டும். நீந்துகிறவருக்கு ஏதாவது நேர்ந்தால் அவரைத் தூக்க இன்னொருவர் குதிக்க வேண்டும். அரைகுறை நீச்சலோடு கடலில் இறங்குகிறவர் தன் உயிரோடு அந்தக் காப்பாளரின் உயிரையும் பணயம் வைக்கிறார்.

அதனால் கிடைத்த நேரத்தில் முதல் பங்கு வேளச்சேரி நீச்சல் குளத்துக்குப் போனது. ஆபீஸ் விட்டு நேராக அங்கே போவேன். வேகத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. மூச்சு பதறாமல், நிற்காமல், பந்தய தூரத்தைத் தாண்டி நீந்த வேண்டும். அது கைவந்த பிறகுதான் கோவாவுக்கு டிக்கெட் போட்டேன். கடல் பழக்கத்துக்கு விடுமுறைக் காலைகளில் நீச்சல் குழுவோடு, படகுத் துணையோடு, கோவளம் பக்கம் போனோம். ஆனால் கோவாவில் மழைக்காலம் முடிந்து கடல் அடங்குகிற அதே ஐப்பசியில் நம் பக்கத்துக் கடல் வாடைக்காற்றில் கலங்கத் தொடங்குகிறது. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் தெண்டி நீரோட்டம் மாறி, வடக்கிலிருந்து தெற்கே இழுக்கும் வன்னி வந்துவிடும். வலை பிரித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் ஒருநாள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "இன்னிக்கி வன்னி இழுக்குதும்மா, உள்ள போவாத" என்றார். துணி மாற்றிக்கொண்டு திரும்பினோம். கடலோடு பிறந்து வளர்ந்த ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் அதற்கு மேல் யோசிக்க ஒன்றுமில்லை.

மிச்சத்தை மற்ற இரண்டுக்கும் முறை வைத்தேன். ஞாயிறு விடியும் முன் இ.சி.ஆரில் மாமல்லபுரம் வரை சைக்கிள். மற்ற நாள்களில் நேரம் கிடைத்தால் ஹாலில் ட்ரெய்னர் மேல் சைக்கிளை மாட்டிச் சிறிது நேரம் கடுமையாக மிதிப்பது. ஓட்டத்துக்குத்தான் மிகக் குறைவாகக் கிடைத்தது. பல வருடம் ஓடிய உடம்பில் இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். தசைநாரும் எலும்பும் அப்படியல்ல, அவற்றுக்கு மாதங்கள் வேண்டும். மூச்சு இடம் கொடுக்கிறதே என்று தூரத்தைக் கூட்டினால் கணுக்காலோ முட்டியோ போகும். கொஞ்சம் ஓட்டம், கொஞ்சம் நடை என்ற முறையைப் பரப்பிய அமெரிக்கர் ஜெஃப் காலவே, 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். அப்பேர்ப்பட்ட ஓட்டக்காரர் நடையைச் சிபாரிசு செய்திருக்கும்போது நான் தயங்க வேண்டியதில்லை. பந்தயத்திலும் அப்படியே போவதென்று முன்கூட்டியே தீர்மானித்துவிட்டேன்.

தண்ணீர் விஷயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. நீண்ட நேரப் பந்தயத்துக்குப் போகிறவர் தனக்கு எவ்வளவு வியர்க்கிறது என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும். பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்போம். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது என்று கணக்கு. டயாலிசிஸிலும் அதே கணக்குதான், திசை மட்டும் வேறு. இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் ஏறுகிற எடை முழுக்க வெளியேற வழியில்லாமல் உடம்பில் தேங்கிய நீர். அதை எந்த எடைக்குக் கொண்டுவர வேண்டும் என்பதை ட்ரை வெயிட் என்கிறார்கள். வீட்டில் இருந்த ஒரே எடை மெஷினில் காலையில் நானும் அப்பாவும் மாறி மாறி ஏறினோம். அவர் ஒரு பழைய டைரியில் இரண்டு பத்தி போட்டு எழுதினார். ஒன்றில் அவருக்கு ஏறியது, மற்றதில் எனக்கு இறங்கியது.

"தெறந்து விட்டது எவ்வளவு, கடமடைக்குப் போய்ச் சேந்தது எவ்வளவு, ரெண்டும் தெரியணும். நடுவுல போனதுதான் கணக்கு" என்பார். முப்பது வருடத்துக்கு மேல் அதைத்தான் அளந்தவர்.

அவருக்கு ஒரு நாளைக்கு அனுமதி ஒரு லிட்டருக்கும் குறைவு. காபி, ரசம், மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நான் மணிக்கு அறுநூறு, எழுநூறு மில்லி குடிக்கப் பழகிக்கொண்டிருந்தேன். அவருடைய ஒரு நாள் பங்கு எனக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு வராது. வாழைப்பழமும் இளநீரும் எங்கள் பயிற்சியில் நீங்காத பொருள்கள். இரண்டிலும் இருக்கிற பொட்டாசியம் அப்பாவின் இதயத்தை நிறுத்திவிடக்கூடியது. அவருக்கு இளநீர் என்றால் உயிர். நான் தெருமுனையிலேயே குடித்துவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வீட்டுக்குள் வருவேன். ஒருநாள் கண்டுபிடித்துவிட்டார்.

"எதுக்கும்மா ஒளிஞ்சு குடிக்கிற? உன் ஒடம்புல அது வேல செய்யுது, எனக்குத் தேங்கிடுது. இங்கயே கொண்டாந்து குடி. எப்படி இருக்குன்னு சொல்லு."

அதற்குப் பிறகு அவர் எதிரிலேயே குடித்தேன். அவர் கேட்பார், வழுக்கை இருந்ததா, உப்புக் கரித்ததா, பொள்ளாச்சிக் காயா என்று. நான் சொல்வேன். பயிற்சிக்குக் கிடைக்காமல் போன நேரம் என்று எந்த அட்டவணையிலும் வெறும் கட்டமாக இருப்பது இந்த நேரம்தான். அதை இழப்பு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

பயிற்சிக் குறைவோடு பந்தயத்துக்குப் போனவர்களில் உலகறிந்தவர் ஜூலி மாஸ். 1982 பிப்ரவரியில் ஹவாயில் நடந்த முழு அயர்ன்மேன். அவர் அப்போது கல்லூரி மாணவி, உடற்பயிற்சி உடலியலில் தன் ஆய்வுக்காக வந்தவர். பெண்களில் முதலாவதாக ஓடிக்கொண்டிருந்தவர் எல்லைக்கோட்டுக்குச் சில அடிகள் முன்னால் சரிந்து விழுந்தார். எழுந்தார், மறுபடி விழுந்தார். கேத்லீன் மெக்கார்ட்னி தாண்டிப் போனார். மாஸ் கையாலும் முட்டியாலும் தவழ்ந்து 29 விநாடி பின்னால் கோட்டைத் தொட்டார். தொலைக்காட்சியில் அதைப் பார்த்துத்தான் உலகத்தில் பாதிப்பேருக்கு இந்த விளையாட்டு என்ற ஒன்று இருப்பதே தெரியவந்தது. அந்தக் காட்சியை நானும் பலமுறை பார்த்துக் கண் கலங்கியிருக்கிறேன். ஆனால் எனக்கு அது வழிகாட்டி அல்ல. ஞாயிற்றுக்கிழமை தவழ்ந்து முடித்துவிட்டு, செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஒருவரைத் தாங்கிப் பிடித்து மாடியிலிருந்து இறக்க முடியுமா? என் உடம்பில் மிச்சமிருப்பதெல்லாம் என்னுடையது மட்டுமல்ல. அதில் ஒரு பங்கு திரும்பிப் போய்ச் சேர வேண்டிய இடம் இருந்தது. உயிரைக் கொடுத்து ஓடு என்று சுவரொட்டி வாசகம்போலச் சொல்கிறவர்களைக் கேட்டால் இப்போதெல்லாம் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. கொடுத்துவிட்டு வருவதற்கு எல்லோருக்கும் உரிமை இருக்கிறதா என்ன?

பந்தய வாரம் தம்பி வெள்ளிக்கிழமையே வந்து சனிக்கிழமை ஷிஃப்ட்டை ஏற்றுக்கொண்டான். ஞாயிறு காலை மிராமாரில் வெதுவெதுப்பான கடல், அதனால் வெட்சூட்டுக்கு அனுமதி இல்லை. சிலர் சிலராக நீருக்குள் விட்டார்கள். மிதவையை நிமிர்ந்து பார்ப்பது, நாலைந்து வீச்சு, மறுபடி நிமிர்வது. குளத்தில் பழகிய மூச்சு அப்படியே வந்தது. அன்றைக்கு மூன்றிலும் எனக்கு மனம் நிறைந்த பகுதி அதுதான். முழுதாகத் தயாரித்துக்கொண்டு போன ஒன்றைச் செய்வதில் ஒரு நிம்மதி இருக்கிறது, அப்பா சின்ன வயதில் சொல்லிக்கொடுத்தது சும்மா இல்லை. நீச்சலுக்குக் கெடு ஒரு மணி பத்து நிமிடம். எந்தப் பதற்றமும் இல்லாமல் அதற்குள் கரையேறினேன்.

சைக்கிளில் செய்ய வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று, இதயத்துடிப்பு நான் வைத்த எல்லையைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது. நூற்றுக்கணக்கானவர்கள் தாண்டிப் போனார்கள். முன்னால் போகிறவரின் பின்காற்றில் ஒண்டிக்கொள்ள இந்தப் பந்தயத்தில் அனுமதி இல்லை, அவரவர் காற்றை அவரவர்தான் கிழிக்க வேண்டும். பாதி தாண்டியதும் கால் லேசாகிவிட்டது, இன்னும் அழுத்தலாம் என்று தோன்றியது. பயிற்சி குறைந்த உடம்பு இங்கேதான் ஏமாற்றும். அந்த வேகத்தின் விலை உடனே தெரியாது, இரண்டு மணி நேரம் கழித்து ஓட்டத்தில் தெரியும். அழுத்தவில்லை.

ஓட்டம் உச்சி வெயிலில். நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. தொப்பிக்குள் பனிக்கட்டி. நீர்ப்பந்தல்களில் நின்ற தன்னார்வலர்கள் ஆளுக்கொரு கோப்பையை நீட்டிக்கொண்டே இருந்தார்கள். வாங்கிக் குடிக்கத்தான் கை போகும். ஆனால் தண்ணீர் மிஞ்சினால் ஆரோக்கியமான உடம்புக்கும் ஆபத்து, ரத்தத்தில் சோடியம் நீர்த்துவிடும். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓடி ரத்தம் கொடுத்த 488 பேரைச் சோதித்தபோது 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. அதிகம் குடித்து எடை கூடியவர்களும், நெடுநேரம் ஓடிய மெதுவானவர்களும்தான் அவர்களில் மிகுதி. மெதுவாகப் போகிற எனக்கு இது கட்டாயம் நினைவிருக்க வேண்டிய செய்தி. அப்பாவின் டைரியிலிருந்த எண்ணை வைத்துக்கொண்டு, இந்தப் பந்தலில் இவ்வளவு என்று அளந்து குடித்தேன். அன்று குடித்த தண்ணீரின் ருசி போல எனக்கு எதுவும் இருந்ததில்லை. வாய்க்குள் போன ஒவ்வொரு மடக்கும் எனக்கு எங்கே போகிறது என்று தெரிந்தது. வேலை செய்துவிட்டுத் தோல் வழியாக வெளியே வந்துவிடுகிறது. ஒரு உடம்புக்கு இது எவ்வளவு பெரிய வசதி என்பதை, அது இல்லாத ஒருவரோடு ஒரே வீட்டில் இருந்தால்தான் அறிய முடியும் போலிருக்கிறது.

கெடுவுக்குள் முடித்தேன். கடைசி சில கிலோமீட்டரில் நடைதான் அதிகம். கழுத்தில் பதக்கத்தைப் போட்டார்கள், ஒரு நாற்காலி கிடைத்தது, வீட்டுக்குப் போன் செய்தேன். அப்பா நேரத்தைக் கேட்கவில்லை. "கால் வீங்கலியே? மூச்சு வாங்குதா? யூரின் போனியா?" என்று தினமும் அவரிடம் மற்றவர்கள் கேட்கிற கேள்விகளை வரிசையாக என்னிடம் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். டைரியில் குறித்துக்கொள்வதற்காக எடை பார்த்துவிட்டுச் சொல் என்றார்.

பயிற்சி இன்னும் அதிகம் இருந்திருந்தால் இன்னும் வேகமாக முடித்திருப்பேன், அதில் சந்தேகமில்லை. அப்படி ஒரு வருடம் வந்தால் அப்படியும் ஓடிப் பார்ப்பேன். அடுத்த பந்தயத்துக்கும் பதிவு செய்திருக்கிறேன். அப்பாவின் ஷிஃப்ட்டை மாலைக்கு மாற்றித் தரலாம் என்று டயாலிசிஸ் யூனிட்டில் சொல்லியிருக்கிறார்கள். மாறினால் எனக்குக் காலைகள் கிடைக்கும், ஆனால் மாலை நீச்சலுக்கு வேறு ஏற்பாடு பார்க்க வேண்டும். கிடைக்கிற காலையை ஓட்டத்துக்குக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். அப்பா சைக்கிளுக்குக் கொடு, முட்டிக்கு நல்லது என்கிறார். இரண்டு பேரும் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.